கொடியில் காய்ந்த துரைசானி

நரிக்கல் தேயிலைத் தோட்டத்தில் துரை இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள யாரும் துரையைத் தேடிப் போவதில்லை. பங்களாவின் பின்னால் கட்டியிருக்கும் துணிக்கொடியைப் பார்த்தால் போதும். பங்களா மேட்டின் உச்சியில் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றாலும், கொழுந்து மலையில் நின்றாலும், பனிமூட்டம் கொஞ்சம் விலகினால் கொடி கண்ணில் படும். காக்கிச் சட்டையும் கட்டைக் கால்சட்டையும் தொங்கினால் துரை நேற்று மலை ஏறியிருக்கிறார், இன்றும் ஏறுவார், குனிந்த இடுப்பை நிமிர்த்தக் கூடாது. வெள்ளைச் சட்டை தொங்கினால் நேற்று ஹட்டன் பக்கம் விருந்துக்குப் போய்க் கூத்தடித்திருக்கிறார், இன்று தலையைத் தூக்க மாட்டார், நின்று நிதானமாக ஒரு வாய் வெற்றிலை போடலாம். தோட்டத்துப் பிள்ளைகள் அரிச்சுவடிக்கு முன்னால் இதைத்தான் படித்தார்கள்.

கொடியில் துணி காயப்போடுகிற டோபி அழகுமுத்துவுக்கு மட்டும் இது தெரியாது. அவனுக்கு அது துணி. மழை வருமுன் காய வேண்டும். கஞ்சியின் விறைப்புக் குலையாமல் எடுக்க வேண்டும். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து துரை சட்டையில் விழாமல் தேய்க்க வேண்டும். வட்டகொடைப் பக்கத்து மழையில் இந்த மூன்றையும் செய்து முடிப்பவனுக்கு வேறு யோசனை எங்கிருந்து வரும்?

ஒரே ஒரு யோசனை இருந்தது. அது அவன் மனைவி ராக்காயி. அவள் கொழுந்தெடுப்பவள். இரண்டு தடவை பிள்ளை உண்டாகி, இரண்டு தடவையும் மேமலைச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கியதில் தங்காமல் போயிற்று. மூன்றாவது தடவையாக அவள் முழுகாமல் இருந்தாள். இந்த முறையும் போய்விட்டால் அவள் பிழைத்தாலும் சிரிக்க மாட்டாள் என்று அழகுமுத்துவுக்குத் தெரியும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆனி மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலையில், நரிக்கல் துரையும் பக்கத்துத் தோட்டத்துக் காரில் ஏறிப் போய்விட்டார். சமையல் செய்த அப்பு, துரை போன கையோடு தன் ஊருக்கு நடையைக் கட்டினான். இது தெரிந்த ஒரே ஆள் இக்னேசியஸ் கண்டாக்கு. மலை வேலைகளை மேற்பார்க்கும் அவர், துரைக்கு அடுத்தபடி தானே என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். மற்றவர்களும் அப்படி நினைக்கிறார்களா என்பதில் அவருக்கே சந்தேகம்.

அவர் அழகுமுத்துவைப் பங்களாவின் துணி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"சத்தம் போடாத. துரை போயிட்டாரு."

"கிளப்புக்குங்களா ஐயா?"

"சீமைக்குடா. இனி வரமாட்டாரு. கம்பெனி புதுத் துரைய அனுப்புற வரைக்கும் தோட்டம் என் கையில."

"ரொம்ப சந்தோசங்க ஐயா."

"சந்தோசப்படாத! துரை இல்லேன்னு தெரிஞ்சா நாளைக்குக் காலைல பேர் கூப்புடுற பெரட்டுல எனக்கு எவன் பயப்படுவான்? நீ எப்பவும் போல துணி காயப்போடு. காக்கி. தெனமும் காக்கி. அவரு விட்டுட்டுப் போனது பெட்டி நெறைய கெடக்கு."

அழகுமுத்து தலையைச் சொறிந்தான். "யாரு போட்ட காக்கிங்க ஐயா?"

"யாரும் போட வேணாம். நீ தொவச்சு மாட்டு. துரை இல்லேன்னா டோபி எதுக்குன்னு கம்பெனி கேக்கும், அதையும் யோசிச்சுக்க."

அன்றிலிருந்து தினமும் காக்கி காய்ந்தது. துரைக்கு முழங்காலில் வலி, பங்களாவிலிருந்தே தூரக்கண்ணாடி போட்டு எல்லோரையும் பார்க்கிறார் என்று கண்டாக்கு பெரட்டில் சொன்னார். சனங்கள் மேட்டைப் பார்த்தார்கள், காக்கியைப் பார்த்தார்கள், கொழுந்தைப் பிய்த்துப் பிய்த்துக் கூடையில் போட்டார்கள். துரை இருந்த காலத்தில் கூட அந்தத் தோட்டத்தில் அப்படி வேலை நடந்ததில்லை.

வேதனைப்பட்டவன் அழகுமுத்துதான். அழுக்கே இல்லாத துணியைத் துவைப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓடையில் முக்கினால் தண்ணீர் தெளிவாக வந்து தெளிவாகவே போகும். கல்லில் அடித்தால் வெறும் சத்தம்தான். சோப்பைப் போட்டால் நுரை வெள்ளையாகவே நிற்கும். ஒருநாள் மனம் பொறுக்காமல் கால்சட்டையின் விளிம்பில் ஒரு கை சேற்றை அப்பி, அதைத் துவைத்தான். தானே பூசிய அழுக்கைத் தானே போக்குவதில் என்ன மானம் இருக்கிறது என்று தோன்றியதும் அதையும் விட்டுவிட்டான்.

இதற்குள் ராக்காயிக்கு மசக்கை மிஞ்சிப்போனது. மழையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மேமலை ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழகுமுத்து கண்டாக்கிடம் ஓடினான்.

"ஐயா, அவளுக்கு மட்டும் கீழ எங்கயாச்சும் லேசான வேலை போட்டுக் குடுங்க. ஏற்கெனவே ரெண்டு போயிருச்சுங்க."

கண்டாக்குக்கு இரக்கம் வந்தது. ஆனால் அதிகாரம் அதைவிட முன்னால் வந்தது. "லேசான வேலை போடுறது என் கையில இல்ல. அதைத் துரைதான் சொல்லணும்."

"துரைதான் இல்லைங்களே ஐயா."

"யாரு சொன்னா? கொடியப் பாரு. இருக்காரு."

"அது நான் மாட்டுனதுங்க."

"மாட்டுனேல்ல. அப்ப அவருகிட்டயே கேட்டுக்க." கண்டாக்கு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அழகுமுத்து தான் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி அழுதேவிட்டான். ராக்காயி அடுப்புப் பக்கம் சுருண்டு படுத்துக்கொண்டு கேட்டாள். அவள் அழவில்லை.

"இந்தாங்க, கொடியில தொங்குறதைத்தானே இந்தத் தோட்டமே நம்புது?"

"ஆமா."

"அப்ப என்னையும் நம்புற மாதிரி ஏதாச்சும் தொங்கவிடுங்க."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் துணி அறைக்கு ஓடினான். முன்னொரு காலத்தில் இருந்த துரைக்குக் குடும்பம் இருந்தது. குண்டான ஒரு துரைசானி, பிள்ளைகள், பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆயா. அந்த ஆயாவுக்குப் பங்களாவில் கொடுத்த நீலக்கரை போட்ட வெள்ளைச் சீலைகள் துணி அறையின் தகரப் பெட்டியில் இன்னும் இருந்தன. அழகுமுத்து அதில் ஒன்றை எடுத்து நீலம் போட்டு அலசி, காக்கிக்குப் பக்கத்தில் நீளமாக விரித்துக் காயப்போட்டான். மூட்டம் அன்றைக்கு ஒத்துழைத்தது. பங்களாவில் ஆயா வைத்திருக்கிறார்கள் என்ற சேதி பொழுது சாய்வதற்குள் லயமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பெரட்டில் கந்தப்பன் கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ராக்காயி, மேமலை" என்றவர் பாதியில் நிறுத்தினார். ராக்காயி நீலக்கரை வெள்ளைச் சீலையில் நின்றாள்.

கண்டாக்கு பாய்ந்து வந்தார். "என்னா வேசம் இது?"

"துரை வரச் சொன்னாருங்க ஐயா. பங்களாவுல ஆயா வேலைக்கு."

"துரையா? எந்தத் துரை?"

கங்காணிமார் எல்லோரும் திரும்பிக் கண்டாக்கைப் பார்த்தார்கள். கந்தப்பன் கங்காணி மெதுவாகக் கேட்டார். "நம்ம துரைதானுங்களே ஐயா. வேற எந்தத் துரை இருக்காரு?"

மழைத்தண்ணீர் தொப்பி விளிம்பிலிருந்து கண்டாக்கின் மூக்கில் சொட்டியது. "ஆமா, சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன். போ, போ, துரை காத்துக்கிட்டிருப்பாரு."

பிறகு அவர் துணி அறைக்கு வந்து அழகுமுத்துவின் கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். "என்னையே ஏமாத்துறியாடா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா. துரை சொன்னது."

"துரைதான் இல்லையேடா!"

"மெதுவாப் பேசுங்க ஐயா. கீழ கேட்டுறப் போவுது."

கண்டாக்கு வாயைப் பொத்திக்கொண்டார். இப்படியாக ராக்காயி பங்களாவுக்குக் குடிவந்தாள். துணி அறையில் இஸ்திரி போடுகிற அடுப்பின் கதகதப்பில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இரத்தம் ஊறுவதை அழகுமுத்து ஒவ்வொரு நாளும் பார்த்து மகிழ்ந்தான்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தது பேச்சியம்மாவின் நாக்கு. லயத்தில் எல்லோருக்கும் மூத்த கொழுந்துக்காரி அவள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவள் கேட்டதை அழகுமுத்து தன் காதாலேயே கேட்டான். "கல்யாணம் ஆகாத துரைக்கு ஆயா எதுக்குடி? துரை இன்னமும் தொட்டில்லயா படுக்குறாரு?" பெண்கள் சிரித்த சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவேயில்லை. இல்லாத ஒரு துரையின் மேல் அவனுக்குக் கொலைவெறி வந்தது.

"என்னா சொல்றாளுங்க தெரியுமா?" என்று ராக்காயியிடம் குமுறினான்.

"சொல்லத்தான் செய்வாளுங்க. துரைக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வையுங்க, வாயை மூடிருவாளுங்க" என்றாள் அவள்.

தகரப் பெட்டியில் குண்டுத் துரைசானியின் கவுன்கள் இருந்தன. நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட ஒன்றை அழகுமுத்து எடுத்தான். அதற்குள் இரண்டு பேர் குடியிருக்கலாம். அவன் அதைக் காக்கிச் சட்டையின் பக்கத்தில், ஒன்றன் கை மற்றதன் கையைத் தொடுகிற மாதிரி மாட்டினான். இப்படியெல்லாம் ஏன் மாட்டினோம் என்று அவனுக்கே பிறகு வெட்கமாக இருந்தது.

மூட்டம் விலகியது. மேமலையில் வேலை நின்றது.

"துரைசானி வந்திருக்காங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். பேச்சியம்மா கண்ணுக்குமேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "கவுனோட அகலத்தப் பாரு. அம்மா முழுகாம இருக்காங்க. அதான் முன்கூட்டியே ஆயா வச்சிருக்காங்க. நான் அப்பவே நெனச்சேன்!" எல்லாக் கேள்விக்கும் அவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். அழகுமுத்து ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தப்பு அடித்துக்கொண்டு, தட்டில் வாழைப்பழமும் பூமாலையுமாகச் சனங்கள் மேடு ஏறினார்கள். கண்டாக்கு மூச்சிரைக்க ஓடிவந்து வாசலை மறித்தார். "துரைசானி அம்மாவுக்கு மசக்கை. வெளிய வரமாட்டாங்க. துரை பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறாரு. மாலைய எங்கிட்டக் குடுங்க." ஒன்றன்மேல் ஒன்றாக மாலைகள் அவர் கழுத்தில் விழுந்தன. மாலைக்கு வெளியே அவர் கண்ணும் தொப்பியும் மட்டும் தெரிந்தன. உள்ளே ராக்காயி தும்மியதில் திரைச்சீலை கொஞ்சம் அசைந்தது. கூட்டம் முழுவதும் குனிந்து திரைச்சீலைக்குச் சலாம் போட்டது.

பிறகு பலகாரம் வர ஆரம்பித்தது. வெள்ளைக்காரச்சிக்கு வாய்க்கு ருசியாக என்ன கிடைக்கப்போகிறது, ரொட்டியும் வெண்ணெயும்தானே என்று பெண்கள் இரக்கப்பட்டார்கள். ஒருத்தி மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். ஒருத்தி புளியுருண்டை. பேச்சியம்மா நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை வாழையிலையால் மூடித் தானே சுமந்துவந்து பின்வாசலில் வைத்தாள். வழித்துத் துடைத்த சட்டி திரும்பிப் போனதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு சொட்டு விடல பாருங்கடி. நம்ம கைப்பக்குவம் சீமைக்கே புடிச்சிருச்சு!"

குழம்பைச் சாப்பிட்டவள் ராக்காயி. சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். அழகுமுத்து பயந்துபோனான்.

"காரமா?"

"நல்லாருக்குங்க. போன ரெண்டு தடவையும் எனக்கு வாய் ஏங்கிச்சு. டோபி வீட்டுக்கு எவளாச்சும் ஒரு புளியங்கொட்டை கொண்டாந்தாளா? இந்தக் கவுனுக்குக் கொண்டாராளுங்க."

அழகுமுத்து எழுந்துபோய்க் கவுனின் சுருக்கத்தை இன்னொரு தடவை தேய்த்தான்.

மாதங்கள் போயின. பிள்ளைகள் தங்காமல் போன மாதமும் ஒன்றும் ஆகாமல் கடந்தது. ராக்காயிக்கு வயிறு பெருக்கப் பெருக்க, அவன் கவுனின் தையலைப் பிரித்துப் பிரித்து அகலமாக்கி மாட்டினான். கீழே பெண்கள் கவுனைப் பார்த்து மாதம் கணக்கிட்டார்கள். கணக்குச் சரியாகவே இருந்தது.

இதில் யாரும் எதிர்பார்க்காதது கண்டாக்குக்கு நேர்ந்தது. அவர் பங்களாவைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்ற ஆரம்பித்தார். ஆளில்லாத பங்களாவின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஒருநாள் துணி அறை வாசலில் தயங்கி நின்று கேட்டார். "துரைசானி அம்மா எப்படி இருக்காங்க?"

அழகுமுத்து ராக்காயியின் பாதத்தைப் பார்த்தான். "கால் கொஞ்சம் வீங்கியிருக்குங்க ஐயா."

"நடக்கச் சொல்லு. வராந்தாவுல காலாற நடக்கச் சொல்லு. மாதாவே, தலைப் பிரசவம் பாரு" என்று சிலுவை போட்டுக்கொண்டு போனார். அன்று மாலை அவர் வீட்டுக் கோழிமுட்டைகள் வந்தன. ராக்காயி அவற்றையும் சாப்பிட்டாள்.

தை மாதத்துக் குளிரில் தந்தி வந்தது. கண்டாக்கு அதைப் பிடித்துக்கொண்டு துணி அறைக்குள் ஓடிவந்தார்.

"புதுத் துரை வர்றாரு. இன்னிக்கே வர்றாரு. தந்தி ரெண்டு நாளு வட்டகொடையிலயே தூங்கியிருக்கு. கல்யாணம் ஆகாதவராம்! கொடியக் காலி பண்ணு. ராக்காயி எந்திரி, லயத்துக்குப் போ. நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு, மேமலைக்கு."

"ஐயா, இவளைப் பாத்தா மலை ஏறுறவ மாதிரியா இருக்கு?" அழகுமுத்துவின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "சனங்க துரைசானி எங்கேன்னு கேட்டா என்னா சொல்றது?"

"செத்துட்டாங்கன்னு சொல்லு!" என்று கத்திய கண்டாக்கு சட்டென்று நின்றார். கண் கலங்கிவிட்டது. "வேணாம். அப்படிச் சொல்லாத. நல்ல மனுசி. சீமைக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு."

ராக்காயி எழுந்திருக்கத்தான் பார்த்தாள். சுவரைப் பிடித்தவள் அப்படியே உட்கார்ந்தாள். "எங்கயும் போக முடியாதுங்க. வலி வந்துருச்சு."

அழகுமுத்து மேட்டிலிருந்து கீழே ஓடினான். பாதையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "என்னா, என்னா" என்று கேட்டார்கள். அவன் "பங்களாவுல வலி" என்றான். அதற்குமேல் மூச்சு வரவில்லை. அவ்வளவே போதுமாயிருந்தது. அவன் மருத்துவச்சி காளியாயியை இழுத்துக்கொண்டு திரும்பி ஏறும்போது தோட்டமே பின்னால் ஏறியது. தப்புக்காரர்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பேச்சியம்மா மடியில் எதையோ முடிந்து வைத்திருந்தாள்.

காளியாயி துணி அறைக்குள் நுழைந்தாள். தேய்த்து மடித்த துரை படுக்கை விரிப்புகளின் மேல் ராக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சுவரில் நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட கவுன் தொங்கியது. மூலையில் கண்டாக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். காளியாயி மூன்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நான் எந்தப் புள்ளத்தாச்சிக்கு வந்திருக்கேன்? அதை மட்டும் சொல்லிருங்க."

"எனக்குத்தான் அக்கா" என்றாள் ராக்காயி.

"நல்லது. அப்ப அந்தக் கவுனை வெளிய எடுங்க. இடத்த அடைக்குது. இந்த ஐயாவையும் சேத்து எடுங்க."

அழகுமுத்துவும் கண்டாக்கும் கவுனோடு வெளியே வந்து நின்றார்கள். தூறல். முற்றம் நிறையச் சனம். அந்த நேரம் பார்த்து, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கார் சேறடித்துக்கொண்டு மேலே வந்தது. வழியில் எங்கோ இறங்கித் தள்ளியிருப்பார்கள் போல. இறங்கியவர் கழுத்துவரை சேறு. இளவயதுக்காரர், செம்பட்டை மீசை.

முகம் வேறாக இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. பழைய துரையின் முகத்தை யார் பார்த்தார்கள்? தொப்பிக்குக் கீழே சிவப்பாக ஏதோ இருக்கும், அதற்குச் சலாம் போட வேண்டும். முழங்கால் வலி குணமாகித் துரை வெளியே போய்த் திரும்பி வந்துவிட்டார் என்று தப்பு முழங்கியது. கந்தப்பன் கங்காணி மாலையைப் போட்டார். "ஒண்ணும் பயப்படாதீங்க துரை. சுகப் பிரசவமா ஆவும்!"

புதுத் துரை கொழும்பில் கொஞ்சம் தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்தார். "யாருக்கு பிள்ளை?"

"நம்ம துரைசானிக்குத்தானுங்க!"

"நம்ம கல்யாணம் இல்லே" என்றார் துரை, தெளிவாக.

"மொதப் புள்ளைல்ல, வெக்கப்படுறாரு" என்றாள் பேச்சியம்மா. எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

உள்ளே குழந்தை அழுதது. முதலில் மெல்ல, பிறகு ஓங்கி. இரண்டு தடவை அழகுமுத்துவுக்குக் கேட்காமல் போன சத்தம் அது. கூட்டம் குலவையிட்டது. எல்லோரும் துரையைச் சுற்றிக்கொண்டு, "மகராசன், மகராசன்" என்று அவரைக் கும்பிட்டார்கள். தன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. தன்னைவிட்டு எது போனாலும் பொறுத்திருப்பான். இதை எப்படிப் பொறுப்பான்?

"அது என் புள்ள!" என்று அலறினான். தப்பு நின்றது. "என் புள்ளைங்க! ராக்காயிக்குப் பொறந்தது! துரையும் இல்ல, துரைசானியும் இல்ல. எல்லாம் நான் காயப்போட்ட துணி! இதோ பாருங்க, இதான் உங்க துரைசானி!" என்று கையிலிருந்த கவுனைத் தூக்கி உதறினான்.

பேச்சியம்மா முன்னால் வந்து அவன் தோளைத் தடவிக்கொடுத்தாள். "பாவம். ரெண்டு புள்ளைய விட்டவன். ஏக்கத்துல புத்தி பெரண்டுருச்சு. தம்பி, அம்மா கவுனை அப்படி உதறாத, கிழிஞ்சுறும்."

"நான் சொல்றது நெசம்!"

"நெசந்தான், நெசந்தான். போய் ஒரு ஓரமா உக்காரு."

அழகுமுத்து கண்டாக்கைப் பார்த்தான். கண்டாக்கு தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் காளியாயி வாசலுக்கு வந்தாள். துரையின் வெள்ளைச் சட்டை ஒன்றில் சுற்றிய குழந்தை அவள் கையில் இருந்தது. பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். குழந்தை நல்ல கறுப்பு. அழகுமுத்துவின் சப்பை மூக்கு அப்படியே, எடுத்து ஒட்டியது போல. நெற்றியில் ராக்காயியின் சுழி.

"பொம்பளப் புள்ள" என்றாள் காளியாயி. "அப்பன் எங்க? அழகுமுத்து, வந்து வாங்கிக்க. எனக்குக் கை வலிக்குது."

அவன் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். கஞ்சி போட்ட சட்டையின் விறைப்புக்குள் அது சூடாக நெளிந்தது. அவன் அழுதான், சிரித்தான், எதைச் செய்கிறோம் என்று தெரியாமல் இரண்டையும் செய்தான்.

கந்தப்பன் கங்காணி அவன் தோளில் கிடந்த கவுனைப் பார்த்துக் கேட்டார். "அப்ப துரைசானி?"

எல்லோரும் கண்டாக்கைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "சீமைக்குப் போயிட்டாங்க. பிரசவத்துக்கு. அந்தத் துரையும் கூடவே போயிட்டாரு. இவரு புதுசு."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "ஒரு வார்த்தை யாரையும் கடிஞ்சு பேசுனதில்ல" என்றாள் ஒருத்தி. "போகும்போது ஒரு சட்டியக் கூடத் திருப்பித் தராமப் போகல" என்றாள் இன்னொருத்தி. நெத்தலிக் குழம்பைத் தின்றது யார் என்று பேச்சியம்மா கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மடி முடிச்சை அவிழ்த்தாள். பழைய சீலைகளை அடுக்கித் தைத்த ஒரு சின்ன மெத்தை விரிப்பு. அழகுமுத்துவின் கையிலிருந்த குழந்தைக்குமேல் அதைப் போர்த்தினாள்.

"தச்சது தச்சாச்சு. யாருக்காச்சும் போத்தணும்ல" என்று முறைப்பாகச் சொல்லிவிட்டு, உள்ளே ராக்காயியைப் பார்க்கப் போனாள்.

புதுத் துரைக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் எல்லாம் இப்படித்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் மாலையோடு அழகுமுத்துவிடம் வந்தார். "நீ டோபி? நாளைக்கு வெள்ளைச் சட்டை வேணும். பொண்ஜாதி வேலை?"

"இங்கதாங்க துரை" என்றான் அழகுமுத்து. "பங்களாவுலதான்."

"நல்லது" என்றார் துரை. கண்டாக்கு அதற்கும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் அழகுமுத்து ஓடைக்குப் போனான். மூட்டையில் சேறு அப்பிய துரை சட்டை இருந்தது. அதன் மேலே குழந்தை இரவில் அழுக்காக்கிய துணிகள் இருந்தன. முதலில் குழந்தையின் துணியைத் தண்ணீரில் முக்கினான். தண்ணீர் கரும்பச்சையாகக் கலங்கியது. தானே பூசிய அந்த ஒரு கை சேற்றைத் தவிர, ஆனி மாதத்திலிருந்து அவன் கை பட்டு அந்த ஓடை கலங்கியதில்லை. அவன் துவைகல்லில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கலங்கல் பாறையைச் சுற்றிக்கொண்டு கீழே போய் மறைந்தபின் அடுத்த துணியை எடுத்து முக்கினான்.

பங்களாக் கொடியில் துரை சட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் அந்தச் சின்னத் துணிகளை வரிசையாக மாட்டினான். மூட்டம் மெல்ல விலகியது. மேமலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கையை வாயில் குவித்துப் பேச்சியம்மா கத்தியது மேடு வரைக்கும் கேட்டது.

"ராக்காயி மக நல்லா வெளிக்கிப் போயிருக்காடி! இனிப் பயமில்ல!"